ஏழாவது அத்தியாயத்தை மட்டும் படிக்காதீர்கள்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், நான்காம் வகுப்பு டீச்சர் ஒரு கரடிக்காக மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்ல கரடி. எப்பப் பார்த்தாலும் மழை பெய்யுற ஊர்ல இருக்கு. ஆனா அதுகிட்ட குடை இல்ல. அதனால, யாரும் பார்க்காத நேரமாப் போய், வாசல்ல காய வெச்சிருக்கிற குடையை எல்லாம் தூக்கிட்டு வந்துடுது. ஒருநாள் தபால்காரர் வீட்டுக் குடையைத் தூக்கும்போது, உள்ளேருந்து யாரோ கதவைத் திறக்குறாங்க..."

அங்கே நிறுத்தினார். புத்தகத்தை மூடினார். 'குடை திருடிய கரடி' என்ற தலைப்பு வகுப்புக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"மீதியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க. யாருக்கு வேணும்?"

அதுவரை வாயைப் பிளந்துகொண்டு கேட்ட பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். ஒருவன் தன் ரப்பரை மோந்து பார்த்தான். இன்னொருத்தி ஏற்கனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"சரி, கரடி வேண்டாம். வாத்து இருக்கு. படிக்கட்டு ஏறத் தெரியாத வாத்து. அது வேணுமா?"

வாத்தும் வேண்டாம். நிலாவுக்குப் பல் தேய்த்துவிடும் பாட்டி வேண்டாம். பேசும் தையல் மிஷின் வேண்டாம். மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வகுப்பின் பின்பக்கத்தில் இருந்த அலமாரியில் டீச்சர் கரடியைத் திரும்ப வைத்துப் பூட்டினார்.

வாசலில் கணக்கு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். கரும்பலகையில் வட்டம் போடும் பெரிய மரக் காம்பஸ் அவர் தோளில் சாய்ந்திருந்தது. கொஞ்ச நாளாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் வந்து நிற்கிறார். கல்யாண மண்டபத்தில் அடுத்த பந்திக்காகக் காத்திருப்பவர் நிற்பாரே, அப்படி.

"இன்னிக்கும் போணி ஆகலையா, டீச்சர்?"

"ஆகும் சார்."

"ஆகட்டும், ஆகட்டும். நான் சும்மா இந்தச் சுவர்ல கோணம் சரியா இருக்கான்னு பார்க்க வந்தேன்."

விஷயம் இதுதான். தலைமையாசிரியர் போன மாதம் டீச்சரைக் கூப்பிட்டு, தனக்கே உரிய மெதுவான குரலில் சொல்லியிருந்தார். "வாசிப்பு பீரியட் எதுக்கும்மா? புத்தகம் வீட்டுக்குப் போறதுக்கு. அது அலமாரியிலயே உக்காந்திருந்தா அதுக்கு எதுக்கு ஒரு பீரியட்? அடுத்த மாசக் கடைசியில நான் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பேன். எல்லாம் இப்படியே அடுக்கி இருந்துச்சுன்னா, கணக்கு சார் கேக்குறாரு, அவருக்குக் குடுத்துடுவேன்."

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. யாருக்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் கேட்டுவிட்டார். அவருக்கு 'இல்லை' சொல்லாமல் இருக்க இவருக்கு ஒரு வழி வேண்டும்.

டீச்சரோ, வாரத்தில் அந்த ஒரு பீரியடுக்காகத்தான் மற்ற பீரியடுகளையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த புத்தகங்களில் பாதி, உறவுக்காரர்கள் வீட்டுப் பரணில் கிடந்தவற்றை வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கி, தூசி தட்டி, கிழிசல் ஒட்டிக் கொண்டுவந்தவை. அந்தப் பீரியடும் போய்விட்டால், தான் டீச்சரே இல்லை, காலை முதல் மாலை வரை 'பேசாதே' என்று சொல்லும் ஒரு ஆள்தான் என்று அவருக்குப் பட்டது. நினைத்தாலே அழுகை வந்தது.

வீட்டில் கணவரிடம் சொல்லி அழுதார். கணவர் ரெடிமேட் துணிக்கடையில் விற்பனையாளர். அவருக்குத் தெரியாத மனித மனம் கிடையாது என்பது அவருடைய எண்ணம்.

"நீ எப்படிச் சொல்ற? எடுத்துக்கோ, எடுத்துக்கோன்னுதானே?"

"வேற எப்படிங்க சொல்றது?"

"அங்கதான் தப்பு. கடையில ஒரு சட்டை விக்கலைன்னா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? மடிச்சு மேல் தட்டுல வெச்சிடுவோம். யாராவது கேட்டா, 'அது உங்களுக்குச் சரிவராது சார், விட்டுடுங்க'ம்போம். அவ்வளவுதான். அந்தச் சட்டைதான் வேணும்னு நிப்பாங்க. அளவு பத்தலைன்னாகூட மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போட்டுட்டுப் போவாங்க."

"குழந்தைங்ககிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் எங்க சொல்லச் சொன்னேன்? வேண்டாம்னு சொல்லச் சொல்றேன்."

டீச்சர் அன்று ராத்திரி முழுக்க யோசித்தார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று கண்டிப்பான முகத்தைப் பழகிப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தபோது, கரடிப் புத்தகம் பழுப்பு அட்டைக்குள் ஒளிந்து அலமாரியின் மேல் தட்டில் தனியாகக் கிடந்தது.

"எல்லாப் புத்தகமும் எடுக்கலாம். ஆனா மேல இருக்கே, அதை மட்டும் தொடக் கூடாது. அது உங்க வயசுக்கு ஏத்த புத்தகம் இல்ல," என்றார் டீச்சர். கொஞ்சம் சப்பென்று இருப்பதுபோல் பட்டது. கண்ணாடி முன்னால் பழகாத ஒரு வரியை அந்த இடத்திலேயே சேர்த்தார். "முக்கியமா, அதுல ஏழாவது அத்தியாயத்தை யாரும் படிக்கவே கூடாது."

ஏழாவதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்தப் புத்தகத்திலேயே உப்புச்சப்பில்லாத அத்தியாயம் அதுதான். கரடிக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தும்முகிறது. தூங்கிவிடுகிறது. யார் படித்தாலும் யாருக்கும் எந்தச் சேதாரமும் வராது.

பிள்ளைகள் மேல் தட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. வக்கீலம்மாவின் மகள். அரை மதிப்பெண் குறைந்தாலும் வாதாடாமல் விடமாட்டாள் என்பதால் கணக்கு வாத்தியார் அவளுக்கு 'அப்பீல்' என்று பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூடமே அப்படித்தான் கூப்பிட்டது.

"ஏன் டீச்சர் படிக்கக் கூடாது?"

"கூடாதுன்னா கூடாது."

"படிச்சா என்ன ஆகும்?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

அப்பீல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் எதிர்வாதம் செய்யாமல் உட்கார்ந்தது அந்த வருடத்திலேயே முதல் தடவை. மந்திரம் வேலை செய்கிறது என்று டீச்சர் மனதுக்குள் கணவரைப் பாராட்டினார்.

மணி அடித்தது. ஒரு பிள்ளைகூட அலமாரிப் பக்கம் போகவில்லை. எல்லாரும் வழக்கத்தைவிட வேகமாக வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் அறையில் உட்கார இடமில்லை. பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் வக்கீலம்மா, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர். அவருடைய பையனும் அதே வகுப்புதான்.

"பள்ளிக்கூடத்துல கெட்ட புத்தகம் ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே," என்றார் வக்கீலம்மா. "என் பொண்ணு வந்ததும் வராததுமா சொல்றா. ஏழாவது அத்தியாயத்துல என்னமோ இருக்காம். கேட்டா, சொல்லக் கூடாதுங்குறா."

"என் பையனும் அதையேதான் சொன்னான்," என்றார் மருந்துக்கடைக்காரர். "சாப்பிடக்கூட இல்ல. மூலையில போய் உக்காந்துக்கிட்டான்."

டீச்சரும் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படி என்றால் படிக்காத பிள்ளைகள், படிக்காதே என்றால் நேராக வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். துணிக்கடையில் இப்படி ஒரு சிக்கல் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

"அதுல ஒண்ணுமே இல்லைங்க," என்றார் டீச்சர்.

"ஒண்ணுமே இல்லைன்னா ஏன் படிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. டீச்சர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அது வந்து... கொஞ்சம் பயமா இருக்கும். அதனாலதான்."

"பயமுறுத்துற புத்தகத்தை எதுக்கும்மா வெச்சிருக்கீங்க?" என்றார் தலைமையாசிரியர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பழுப்பு அட்டை போட்ட புத்தகம் வரவழைக்கப்பட்டது. அட்டை போட்டிருந்ததே பெற்றோர்களுக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிந்தது. வக்கீலம்மா அங்கேயே நின்றபடி ஏழாவது அத்தியாயத்தைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். புருவம் சுருங்கியது.

"தும்முது," என்றார்.

"யாரு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கரடி. தும்மிட்டுத் தூங்குது."

"அவ்வளவுதானா?"

"வெளிப்படையாப் பார்த்தா அவ்வளவுதான்." வக்கீலம்மா புத்தகத்தை மூடினார். "இதை முழுசாப் படிச்சாத்தான் தெரியும். நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

இரண்டு நாளில் அது மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குற்றச்சாட்டோடு வெளியே வந்தது. ஜலதோஷத்துக்குக் கரடி மருந்தே சாப்பிடவில்லை, இது தவறான வழிகாட்டல் என்றார் மருந்துக்கடைக்காரர். தூங்கும்போது திருட்டுக் குடைகள் எல்லாம் அதே அறையில்தான் இருக்கின்றன, அப்படியிருந்தும் அதற்கு எப்படி நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று கேட்டார் வக்கீலம்மா. தேடத் தேட ஒன்றும் கிடைக்காதது அவர்கள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

வாரக் கடைசிக்குள் மறுபடியும் கூட்டம். டீச்சர் தன் பக்கத்து நியாயத்தைக் காட்ட வாத்துப் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

"அந்த ஒண்ணை விட்டுடுங்க. மத்ததெல்லாம் அருமையான புத்தகம். இந்த வாத்துக் கதையைப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? பிள்ளைங்களை அவசியம் படிக்கச் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் வாத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். "கரடியை மட்டும் படிக்காதேன்னீங்க. இதை மட்டும் படின்னு ஏன் இவ்வளவு வற்புறுத்துறீங்க?"

"நல்ல புத்தகம்ங்க, அதான்."

"நல்லதா கெட்டதான்னு யாரு பார்த்தாங்க?"

"நான்தான் பார்த்தேன்."

"கரடியை அலமாரியில வெச்சதும் நீங்கதானே?"

வக்கீலம்மா முன்னால் வந்தார். "எங்க வீட்ல கதைப் புத்தகமே வாங்குறதில்ல. படிக்குற நேரத்துல பாடத்தைப் படின்னு சொல்லித்தான் வளர்க்குறோம். பள்ளிக்கூடத்துல என்னடான்னா ஒரு அலமாரி பூரா இருக்கு. எல்லாத்தையும் நாங்க பார்க்கணும்."

தலைமையாசிரியருக்குத்தான் 'இல்லை' வராதே. "தாராளமாப் பாருங்க," என்றார்.

இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம். நான் உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் புத்தகத்துல எந்தத் தப்பும் இல்ல. பிள்ளைங்க எதையும் படிக்க மாட்டேங்குறாங்க. அதனால, படிக்கணும்னுதான் படிக்காதீங்கன்னு சொன்னேன்."

அறையே அவரைப் பார்த்தது.

"படிக்கணும்னு, படிக்காதீங்கன்னு சொன்னீங்க," என்றார் வக்கீலம்மா நிதானமாக.

"ஆமா."

"எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன். இந்த மாதிரி ஒண்ணை நான் கோர்ட்லகூடக் கேட்டதில்ல."

அன்று சாயங்காலமே அலமாரி திறக்கப்பட்டது. பெற்றோர்கள் ஆளுக்கு இரண்டு, மூன்று என்று பிரித்து எடுத்துக்கொண்டார்கள். நிலாப் பாட்டி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போனாள். தையல் மிஷின் ஒரு மதிய உணவுப் பைக்குள் நுழைந்தது. வாத்தை மருந்துக்கடைக்காரரே அக்குளில் இடுக்கிக்கொண்டார். பெற்றோர்களில் யாரும் எடுக்காமல் கிடந்த ஒரே ஒரு எலிக் கதையை, எதற்கும் இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் தன் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் தட்டில் விரித்திருந்த செய்தித்தாள் மட்டும் மிஞ்சியது. டீச்சர் அதையும் மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"இப்ப என்னங்க பண்றது?" என்று கணவரிடம் கேட்டார்.

"சட்டைன்னா மாத்திக் குடுத்துடலாம்," என்றார் கணவர். அன்று ராத்திரி முழுக்க டீச்சர் அவரோடு பேசவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. வாசிப்பு பீரியடில் வாசிக்க ஒன்றும் இல்லாமல், டீச்சர் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லியிருந்தார். எல்லாரும் குடை வரைந்தார்கள். யாரும் சொல்லாமலே மழையும் வரைந்தார்கள்.

கணக்கு வாத்தியார் இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளேயே வந்து காம்பஸைக் கரும்பலகையில் சாய்த்தார். பின்னால் தலைமையாசிரியர். அவருக்குப் பின்னால், புத்தகங்களோடு வக்கீலம்மாவும் மருந்துக்கடைக்காரரும் இன்னும் சில பெற்றோர்களும்.

"பார்த்தாச்சுங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"பார்த்துக்கிட்டு இருக்கோம்," என்றார் வக்கீலம்மா. "எனக்கும் இவருக்கும் ஒரு விஷயத்துல கருத்து வேறுபாடு. தபால்காரர் குடையை மட்டும் கரடி திருப்பிக் குடுத்தது போதாதுங்குறேன் நான். எல்லாக் குடையையும் குடுத்திருக்கணும்."

"அது எப்படிங்க குடுக்க முடியும்?" என்றார் மருந்துக்கடைக்காரர். "நாய்க்குட்டிக்கு வீடு கட்டுனதே அந்தக் குடையிலதானே. நீங்க பத்தாவது அத்தியாயத்தைச் சரியாப் படிக்கல."

"நான் சரியாப் படிக்கலையா? வீட்ல எங்க வீட்டுக்காரரும் நானும் மாத்தி மாத்திச் சத்தமாவே படிச்சோம். பொண்ணு தூங்குனதுக்கு அப்புறமும் படிச்சோம்."

"எனக்கு இந்த வாத்துதான் புடிபடல," என்றார் ஒரு அப்பா. "இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கலாமா? வீட்ல அம்மா கேக்குறாங்க."

கணக்கு வாத்தியார் பொறுமை இழந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சார், மாசக் கடைசி. நீங்க சொன்னபடி அலமாரியைத் திறங்க."

டீச்சர் சாவியை நீட்டினார். தலைமையாசிரியர் கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. செய்தித்தாள்கூட இல்லை.

அவர் காலியான தட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெற்றோர்களைப் பார்த்தார். கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். இரண்டு பக்கமும் 'இல்லை' சொல்ல முடியாத நிலைமை. ஆனால் ஒரு பக்கம் ஒருவர்தான் இருந்தார்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் மெதுவாக. "புத்தகம் அலமாரியில இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போகணும்னு சொன்னேன். போச்சா இல்லையா?"

"போச்சு சார். ஆனா பிள்ளைங்க எடுத்துட்டுப் போகல. பெத்தவங்கதான் தூக்கிட்டுப் போனாங்க."

"யார் தூக்கிட்டுப் போனாலும் போனதுதானே. அதோட, இவங்க எல்லாம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து புத்தகத்தை மாத்திக்கணும்ங்குறாங்க. பார்க்குற வேலை முடியுற வரைக்கும் இந்தப் பீரியட் இருந்தாகணும்."

"எப்ப சார் முடியும்?"

"ஒவ்வொண்ணையும் ஒழுங்காப் பார்க்கணும்ல," என்றார் வக்கீலம்மா, அந்த அப்பா கையிலிருந்த வாத்தை வாங்கிக்கொண்டே.

கணக்கு வாத்தியார் காம்பஸைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். வாசலில் நின்று, அந்த எலிக் கதை யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பெரியவர்கள் வராந்தாவில் நின்று புத்தகங்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். டீச்சர் வகுப்புக் கதவைச் சாத்தினார். பீரியட் பிழைத்துவிட்டது. ஆனால் மனம் லேசாகவில்லை. இத்தனை களேபரத்திலும் ஒரு பிள்ளைகூடப் புத்தகம் எடுக்கவில்லை. அதுபோக, பிள்ளைகளைப் பயமுறுத்தியாயிற்று. மருந்துக்கடைக்காரர் பையன் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் பென்சிலைக் கீழ வைங்க," என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அன்னிக்குச் சொன்னது உண்மை இல்ல. அது கெட்ட புத்தகம் இல்ல. ஏழாவது அத்தியாயத்துல பயப்படுற மாதிரி ஒண்ணுமே கிடையாது. டீச்சரை மன்னிச்சுடுங்க."

யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. முதல் பெஞ்சில் கை உயர்ந்தது.

"தெரியும் டீச்சர்," என்றாள் அப்பீல். "அதுல தும்மல்தான் இருக்கு."

"படிச்சியா? எப்ப?"

"நீங்க படிக்காதீங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே எல்லாரும் படிச்சுட்டோம். நீங்க சாவியை மேசையில வெச்சுட்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போறப்ப, இங்கயே உக்காந்து மாத்தி மாத்திப் படிப்போம். பாதிப் பாதியாத்தான் முடியும். மணி அடிச்சுடும்."

மருந்துக்கடைக்காரர் பையன் ஆமாம் என்று தலையாட்டினான். நன்றாகச் சாப்பிடுகிற பையனாகத்தான் தெரிந்தான்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப அது என்ன புத்தகம்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்?"

"அட்டை போட்டா கரடி மறைஞ்சுடுமா, டீச்சர்?"

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு வீட்ல போய் அப்படிச் சொன்னீங்க?"

அப்பீல் ஒருமுறை வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கதைப் புத்தகம்னு சொன்னா வாசலைத் தாண்ட விட மாட்டாங்க டீச்சர், கெட்ட புத்தகம்னு சொன்னோம், அவங்களே வந்து அள்ளிக்கிட்டுப் போய்ட்டாங்க."